பன்னிரண்டு மீட்டர் பாறை

பிக்ஃபோர்ட் முனையின் தெற்குப் பக்கம் இடிந்து கடலுக்குள் விழுந்தது செப்டம்பர் இருபத்தாறாம் தேதி, மாலை ஆறு முப்பத்தைந்துக்கு. பாறைக்கே அந்த விஷயம் தெரியாது. நெவில் ட்ரஸ்காட் வயர்லெஸ்ஸில் சொன்னதோடு சரி.

தென்துருவக் கடலில் ஓர் ஆராய்ச்சி நிலையம் மட்டுமே உள்ள அந்தத் தீவின் பிளம்பர் நெவில். முனையின் மேல் சரிவில் இருக்கும் மரக்குடிலில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்று நாலு நாள் முன்பு வந்திருந்தான். நிலையத்தை விட்டு யாரும் தனியாக வெளியே போகக் கூடாது என்பதால் கூடவே இமோஜன் வந்தாள். அவள் ரேஞ்சர். பெட்ரல் என்ற கடற்பறவைகளின் கூடுகளை எண்ணுவது அவள் வேலை. தொட்டியை ஒரே நாளில் அடைத்தாயிற்று. கூடுகள் இன்னும் முடியவில்லை.

முனை ஒரு கிலோமீட்டர் நீளம். மூன்று பக்கம் கறுப்புப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்கும். நாலாவது பக்கம் அதைத் தீவோடு சேர்த்துப் பிடித்திருப்பது கூழாங்கல் மூடிய ஒரு பாறை மேடு. அதற்குக் கழுத்து என்று பெயர். கழுத்தின் அகலம் நாற்பது மீட்டர். குட்டி போடும் காலத்தில் யானைச் சீல்களுக்கு இருபது மீட்டருக்குள் மனிதன் போகக் கூடாது என்பது சட்டம். நடுவில் ஒரே ஒரு சீல் படுத்தாலும் இரண்டு பக்கமும் இருபது இருபது போய்விடும், கழுத்து தீர்ந்தது. இவர்கள் வந்தபோது கழுத்து காலியாக இருந்தது. இப்போது அதில் நாற்பத்து மூன்று பெண் சீல்கள், முப்பது குட்டிகள், அத்தனைக்கும் கணவனாக மூன்று டன் எடையில் ஒரு கிழவன்.

இன்னொரு வழி உண்டு. கழுத்தின் தெற்கு ஓரம் ஐந்து மீட்டர் சுவர் மாதிரி இறங்கும். அதன் அடியில், கடலுக்குச் சற்று மேலே, பாறையில் ஒரு விளிம்பு ஓடுகிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில் கடற்பாசியில் வழுக்காமல் நடக்கத் தெரிந்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். மேலே படுத்திருக்கும் சீலுக்குக் கீழே போகிறவன் தெரியமாட்டான். ஆகவே சட்டமும் அவனைப் பார்ப்பதில்லை.

அந்த விளிம்பைத்தான் நெவில் கடலில் தள்ளினான்.

தினமும் மாலை ஆறரைக்கு வெளியே இருப்பவர்கள் எல்லோரும் நிலையத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு எங்கே இருக்கிறோம், நாளை எந்த வழியாக வருவோம் என்று சொல்ல வேண்டும். சொன்னதை நிலையத் தலைவர் கார்த்ரைட் சாப்பாட்டு அறைச் சுவரில் உள்ள பெரிய வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்துவிடுவார். அவர் பென்சில் போட்டதுதான் தீவு.

அன்று கார்த்ரைட் முதலில் வானிலை சொன்னார். பிறகு, "நெவில், டாக்டரோட பல் இன்னும் சரியாகலை. நாலு நாளா மாத்திரை போட்டாச்சு. பிடுங்கியாகணும்னு சொல்றாங்க. நாளைக்கு நீங்க கிளம்பி வந்துடுங்க" என்றார்.



தீவில் ஒரே ஒரு டாக்டர். கப்பல் வர இன்னும் ஏழு வாரம். அதனால் கிளம்புவதற்கு முன் ஹோபார்ட் துறைமுக ஊரில் சிலருக்கு அவசர மருத்துவ உதவி கற்றுக்கொடுத்து அனுப்புவார்கள். சமையல்காரன் டூகலுக்கு அறுவை அறை வேலை. பிளம்பருக்குப் பல். குழாய் முறுக்குகிற கைக்குப் பல் ஒரு பொருட்டா என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் பன்றித் தாடையில் பழகினான். ஐந்து பல் பிடுங்கினான். ஒன்று பாதியில் முறிந்தது. இன்னொன்று அவனைப் பிடுங்கச் சொன்ன பல்லே இல்லை. "பரவாயில்லை, பன்றி புகார் கொடுக்காது" என்று சொல்லி சான்றிதழ் கொடுத்தார்கள்.

டாக்டர் மரிசா புகார் கொடுப்பார்.

"கழுத்து முழுக்க சீல்," என்றான் நெவில்.

"தெற்கு விளிம்பு?"

"அது இல்லை."

"இல்லைன்னா?"

"இடிஞ்சு போச்சு. குளிர்காலப் புயல்ல போயிருக்கும்போல. நான் போய்ப் பாத்தேன்."

அவன் போய்ப் பார்க்கவில்லை. குடிலின் படுக்கையில் காலுறையோடு உட்கார்ந்திருந்தான்.

"எவ்வளவு நீளம் போச்சு? படத்துல போடணும்," என்றார் கார்த்ரைட்.

"பன்னிரண்டு மீட்டர்."

"பன்னிரண்டு," என்று திருப்பிச் சொன்னார். பென்சில் சுவரில் உராயும் சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது நெவிலுக்கு.

அடுப்பில் பீன்ஸ் கிளறிக்கொண்டிருந்த இமோஜன் திரும்பினாள். "எப்போ போய்ப் பாத்தே?"

"காலைல. நீ கூடு எண்ணப் போயிருந்தப்போ."

"தனியா விளிம்புக்குப் போனியா? அதுவே தப்பு."

"மேலேருந்து எட்டிப் பாத்தேன்."

"மேலேருந்து பாத்தா தெரியாதே. அதனாலதானே அது வழி."

"அலை அடிக்கிற சத்தம் வேற மாதிரி இருந்துச்சு," என்றான் நெவில்.

இமோஜன் பீன்ஸைத் தட்டில் போட்டாள். "அந்த விளிம்போட மேல் பொந்துலதான் ராக்ஹாப்பர் பென்குயின் வந்து முட்டை போடும். போன வருஷம் இருநூத்துப் பதினாலு ஜோடி. இடிஞ்சிருந்தா நான் அறிக்கை எழுதணும். நாளைக்குக் காட்டு."

மறுநாள் காலையில் நெவிலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மதியம் தொட்டி மறுபடி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒழுகவில்லை. ஒழுகாததை உறுதிசெய்யக் கடல் ஏறும் நேரம்வரை ஆயிற்று.

"நாளைக்குக் கண்டிப்பா," என்றாள் இமோஜன்.

மாலை ஆறரைக்கு வயர்லெஸ்ஸில் கார்த்ரைட் வரவில்லை. டாக்டர் வந்தார். வாயில் உருளைக்கிழங்கை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது குரல்.

"நெவில். அந்த விளிம்பு. எந்த எடத்துல போச்சு?"

"நடுவுல, டாக்டர்."

"இரும்பு முளை அடிச்சிருக்கே, அதுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

நெவில் யோசித்தான். "முளையும் சேர்ந்துதான்."

"முளை நடுவுல இல்லப்பா. தீவுப் பக்கம் கடைசி வளைவுல இருக்கு. பிப்ரவரில அதுல கயிறு கட்டித்தான் இறங்கினேன்."

"அப்போ அது வேற முளை."

தீவில் பதினெட்டுப் பேர். ஆறரை மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு அறையில்தான் இருப்பார்கள். பின்னணியில் யாரோ ஸ்பூனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மலையோட ஒரே கல்லு அது," என்றார் டாக்டர். "பிளவே கிடையாது. உதிர்ற கல்லு வடக்குப் பக்கம்தான். தெற்கு விழணும்னா முனையே விழணும். முனை இருக்கா?"

"இருக்கு."

"நீ அதுமேலதான் உக்காந்திருக்கே?"

"ஆமா, டாக்டர்."

"சரி," என்றார் டாக்டர். வைத்துவிட்டார்.

இமோஜன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நீ பல்லுக்குப் பயப்படறியா?"

"பல்லுக்கு இல்லை."

"பின்னே?"

"பல்லைச் சுத்தி ஒரு ஆள் இருக்காங்களே."

"உறைஞ்ச குழாயைச் சரிபண்ண, காத்துல கூரை விளிம்புல தொங்கினவன் நீ."

"குழாய் கண்ணைத் திறந்து பாக்காது, இமோஜன்."

விளிம்பைப் பற்றி அவள் முடிவுக்கு வந்துவிட்டாள் என்று நெவிலுக்குத் தெரிந்தது. ஆனால் வாயால் ஒப்புக்கொள்ளாத வரை பன்னிரண்டு மீட்டர் கடலுக்குள்ளேயே கிடக்கட்டும் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

இருபத்தெட்டாம் தேதி பகல் பதினொன்றரைக்கு இமோஜன் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் பைனாகுலர்.

"ரெண்டு பேர் வராங்க. ஒண்ணு டூகல். இன்னொண்ணு டாக்டர். டாக்டர் தலைல மஃப்ளர் சுத்தியிருக்கு. முகம் ஒரு பக்கம்தான் முகமா இருக்கு."

நிலையத்திலிருந்து முனைக்குப் பதினொரு கிலோமீட்டர். முழங்கால்வரை சேறு, இடுப்புவரை புல். நல்ல உடம்போடு ஐந்து மணி நேரம்.

நெவிலும் இமோஜனும் கழுத்தின் இந்தக் கோடிக்கு இறங்கினார்கள். நடுவே சீல்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு கிடந்தன. நாற்றம் காற்றை முந்திக்கொண்டு வந்தது. எதிர்க்கரையில், அலை ஒதுக்கிய ஒரு மீன்பெட்டியின் மேல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டூகல் கையடக்க வயர்லெஸ்ஸோடு நின்றான்.

"யோவ் நெவில்," என்றது நெவில் கையிலிருந்த வயர்லெஸ். "கேக்குதா?"

"கேக்குது."

"டாக்டரால பேச முடியலை. ராத்திரியே வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்கலை. வீக்கம் தாடையைத் தாண்டிக் கீழே இறங்குது. நாக்குக்கு அடியில போயிடுச்சுன்னா மூச்சுக்குழாயை அடைச்சிடுமாம். இதை முன்னாடியே வயர்லெஸ்ல சொன்னா பதினெட்டுப் பேரும் பயந்துடுவாங்கன்னு சொல்லாம இருந்திருக்காங்க. கார்த்ரைட்டுக்கு மட்டும் சொல்லிட்டு வந்தோம்."

நெவில் டாக்டர் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தான்.

"அவங்களே பிடுங்கப் பாத்தாங்க. கண்ணாடில கை மாறிப் போகுது. நான் முயற்சி பண்ணட்டுமான்னேன். வேணாம்னு எழுதிக் காட்டினாங்க. ரெண்டு தடவை அடிக்கோடு போட்டு." டூகல் மூச்சு வாங்கினான். "இன்னொரு விஷயம். டாக்டர் தன் கழுத்துல பேனாவால பெருக்கல் குறி ஒண்ணு போட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"மூச்சு நின்னுபோனா நான் அங்க வெட்டி ட்யூப் சொருகணும். பதினொரு கிலோமீட்டரும் பாக்கெட்ல கத்தியை வச்சுக்கிட்டு அவங்க பின்னாடியே நடந்து வந்திருக்கேன். ஒவ்வொரு தடவை அவங்க நிக்கும்போதும் என் உயிர் போயி வருது. நான் சமையல்காரன்யா."

மூன்று டன் கிழவன் தலையைத் தூக்கி, யாரையோ திட்டிவிட்டு மறுபடி படுத்தான்.

"தண்ணி எப்போ வத்தும்?" என்று கேட்டான் நெவில்.

"வத்தி ஒரு மணி நேரம் ஆச்சு," என்றாள் இமோஜன். "ஆனா விளிம்புதான் இல்லையே."

நெவில் அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தான்.

விளிம்பு அங்கேதான் இருந்தது. அகலமாக, கறுப்பாக, உலகம் தோன்றிய நாளிலிருந்து நகர்வதாக எண்ணமே இல்லாத மாதிரி. கடற்பாசி தோல்வார் போலக் கிடந்து அலையோடு ஏறி இறங்கியது. நெவில் சுவரோடு நெஞ்சை ஒட்டி, குதிகாலால் தடவித் தடவி நடந்தான். இரண்டு முறை முழங்கால்வரை நனைந்தான். பின்னால் இமோஜன் வந்துகொண்டிருந்தாள்.

நடுவில் அவள் நின்றாள். "இங்கதானா?"

"எது?"

"இடிஞ்சது."

"ஆமா."

"கல்லு இருக்கே."

"இருக்கு," என்றான் நெவில். "பாத்து வா. இந்த எடம் வழுக்கும்."

கடைசி வளைவில் இரும்பு முளை இருந்தது. டாக்டர் சொன்ன இடத்தில். அதைப் பிடித்துத்தான் மேலே ஏறினான்.

டாக்டரின் இடது கன்னம் பளபளவென்று இருந்தது. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய வளைவு காணாமல் போயிருந்தது. குரல்வளை மேட்டுக்குக் கீழே, நீல மையில், பள்ளிப் பிள்ளை போட்ட மாதிரி நேர்த்தியாக ஒரு பெருக்கல் குறி. நெவில் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான். முடியவில்லை.

"டாக்டர், நான் அந்த விளிம்பு விஷயத்துல..."

டாக்டர் நோட்டை எடுத்து எழுதினார். 'அப்புறம்.' அதற்குக் கீழே: 'கை கழுவு.'

டூகல் வெந்நீரையும் ஸ்பிரிட்டையும் பிளாஸ்கில் கொண்டு வந்திருந்தான். இடுக்கிகளை ஒரு சுத்தமான சமையல் துண்டில் விரித்தான். புல் புதர்களின் மறைவில் காற்று குறைந்திருந்தது. டாக்டரைப் பெட்டியில் உட்காரவைத்து, டூகல் பின்னால் மண்டியிட்டுத் தலையைத் தன் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். இமோஜன் டார்ச் பிடித்தாள்.

டாக்டர் எழுதினார். 'கீழ், இடது, பின்னாலிருந்து இரண்டாவது. விரலை வைத்துக் காட்டு.'

நெவில் காட்டினான்.

'அது மூன்றாவது.'

மறுபடி காட்டினான். டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம்.

மரத்துப்போக ஊசி போட வேண்டும். வீக்கத்தில் குத்தாமல் பின்னால், எலும்பின் உள்பக்கமாக. ஊசி முனை எலும்பைத் தொட்டதும் அவன் கை தானாக நின்றது. அதை மட்டும் பன்றித் தாடை சரியாகக் கற்றுக்கொடுத்திருந்தது. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். டூகல் வானத்தைப் பார்த்துக்கொண்டு, இன்று இரவு நிலையத்தில் எல்லோரும் டப்பா உணவு சாப்பிட வேண்டியதுதான் என்று சொன்னான்.

'பாதிதான் மரத்தது,' என்று எழுதினார் டாக்டர். 'சீழ் இருந்தால் அப்படித்தான். தொடங்கு. இழுக்காதே. கீழே அழுத்தி ஆட்டு. கன்னத்துப் பக்கம், பிறகு நாக்குப் பக்கம். நான் கத்தினால் நிறுத்தாதே.'

நெவில் இடுக்கியை வைத்தான். இரண்டு விரல் இடைவெளிக்குள் இடுக்கியும் வெளிச்சமும் அவன் பயமும் போக வேண்டியிருந்தது. அழுத்தினான். ஆட்டினான். ஒன்றும் அசையவில்லை. டாக்டரின் கண்கள் திறந்தே இருந்தன. அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கண்ணை மூடிக்கங்களேன், டாக்டர்."

அவர் மூடவில்லை.

துருப்பிடித்த மரையைக் கழற்றும்போது ஒரு கணம் வரும். அதுவரை சுவர் மாதிரி இருந்தது, சட்டென்று பொருளாகிவிடும். அவசரப்பட்டால் முறியும் என்பதும் அந்தக் கணத்தில்தான். நெவில் அவசரப்படவில்லை. கன்னத்துப் பக்கம். நாக்குப் பக்கம். டாக்டர் கத்தினார். சீல்கள் திரும்பிப் பார்த்தன. அவன் நிறுத்தவில்லை. கன்னத்துப் பக்கம் மறுபடி. பல் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு இடுக்கி திடீரென்று எடையில்லாமல் மேலே வந்தது.

அதோடு சீழும் வந்தது. நிறைய. டூகல் தலையைக் குனிந்து பிடித்துத் துப்பவைத்தான். "சமையலறைல பத்து வருஷம் இருந்திருக்கேன்," என்றான், "இந்த மாதிரி வாசனை வந்தா எல்லாத்தையும் கொட்டிடுவேன்."

டாக்டர் கையை நீட்டினார். நெவில் பல்லைக் கொடுத்தான். அவர் அதை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். இரண்டு வேர். இரண்டும் முழுசாக. நோட்டில் எழுதினார்: 'சரியான பல்.'

நெவில் புல்லின் மேல் உட்கார்ந்தான்.

தண்ணீர் திரும்ப ஏறுவதற்குள் நாலு பேரும் விளிம்பு வழியாகக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டரின் இடுப்பில் கயிறு கட்டி, நெவில் முன்னால் பின்பக்கமாகவே நடந்து, அவர் கால் வைக்க வேண்டிய இடத்தை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினான்.

ஆறரை மணிக்கு வயர்லெஸ்ஸை அவன்தான் எடுத்தான்.

"பிக்ஃபோர்ட் முனை. நாலு பேர். பல் வந்துடுச்சு. டாக்டர் தூங்கறாங்க. மூச்சு நல்லா வருது. ஆபத்து போச்சான்னு காலைலதான் தெரியும்."

"எந்த வழியா உள்ளே போனீங்க?" என்றார் கார்த்ரைட்.

"தெற்கு விளிம்பு."

"அப்போ அந்தப் பன்னிரண்டு மீட்டர்?" என்றார் கார்த்ரைட்.

"அது இடியலை," என்றான் நெவில். "நான் பாக்கவே இல்லை. பயத்துல சொன்னேன்."

"அழிச்சுடறேன்," என்றார் கார்த்ரைட். சற்று நேரம் கழித்து, "பென்சிலை அழுத்திப் போட்டுட்டேன். கொஞ்சம் தடம் இருக்கும்" என்றார்.

அன்று இரவு மூன்று பேரும் முறை வைத்து டாக்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கத்தி ஒரு தட்டில், துண்டால் மூடி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முறை முடிந்தும் நெவில் எழுந்து போகவில்லை.

விடிந்தபோது டாக்டர் கண் விழித்தார். தாடையைத் தடவிப் பார்த்தார். வளைவு பாதி திரும்பியிருந்தது. வாயை மூன்று விரல் அளவுக்குத் திறந்தார். நாக்கை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தண்ணீர் கேட்டு, ஒரு டம்ளரை முழுசாக விழுங்கினார்.

"இறங்கிடுச்சு," என்றார்.

டூகல் தட்டிலிருந்த கத்தியை எடுத்து, உறையில் போட்டு, பையின் அடியில் வைத்து, அதன் மேல் தன் ஸ்வெட்டரையும் வைத்தான்.

"டாக்டர்," என்றான் நெவில், "ரெண்டு நாள் என்னால வீணாப் போச்சு."

"ஆமா."

"செத்திருப்பீங்க."

"இருக்கலாம்." அவர் தலையணையில் சாய்ந்தார். "கூட்டத்துல முன்னாடி வந்து நான் பிடுங்கறேன்னு நிக்கிறவன் கையில வாயைக் கொடுக்க எனக்குப் பயம், நெவில். அதனாலதான் ஹோபார்ட்ல பல்லுக்கு உன் பேரைச் சொன்னேன். நீ இவ்வளவு பயப்படுவேன்னு எதிர்பாக்கலை. அது என் கணக்குத் தப்பு." கழுத்தைத் தொட்டுக்காட்டினார். "இதைத் துடைச்சுடு. இனிமே வேணாம்."

நெவில் துணியை வெந்நீரில் நனைத்துப் பெருக்கல் குறியைத் துடைத்தான். மை அப்படியே இருந்தது. சோப்புப் போட்டான். ஸ்பிரிட் போட்டான். குறியைச் சுற்றித் தோல்தான் சிவந்தது.

"டூகல், இது எந்தப் பேனா?"

"ஃப்ரீசர்ல இறைச்சிப் பெட்டிமேல எழுதறது," என்றான் டூகல். "அவசரத்துக்கு அதுதான் கிடைச்சுது. மைனஸ் இருபதுல ரெண்டு வருஷம் அழியாம இருக்கும்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நெவில் துணியை மறுபடி பிழிந்து, குறியின் ஒரு முனையிலிருந்து, அழுத்தாமல், தேய்க்கத் தொடங்கினான்.